பெடலுக்கு நோன்பு இல்லை

மச்சான்,

இன்று காலை ஒலிபெருக்கி கட்டிய திரீவீலர் ஒன்று எங்கள் தோட்டத்துப் பாதையில் ஏறி வந்தது. சித்திரைப் புத்தாண்டு சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் அறிவித்துக்கொண்டே போனார்கள். சத்தம் காதில் விழுந்ததுமே போனை எடுத்து உன் இலக்கத்தைத் தேடிவிட்டேன். அதை இன்னும் அழிக்கவில்லை. வழக்கமாக நீதான் முந்திக்கொள்வாய். "ஒன்ட பேரையும் சேத்துக் குடுத்துட்டேன் மச்சான்" என்பாய்.

நாம் சேர்ந்து ஓட்டிய காலம் முழுக்க நமக்குள் ஒரே சண்டைதான். நான் ரப்பர் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். எதையும் வாட்ஸ் பார்த்து நம்புகிறவன். இத்தாலியில் இருக்கும் தம்பி பவர் மீட்டர் பெடல் அனுப்பியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கால் எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்று அது அந்த நொடியே சொல்லிவிடும். நீயோ எஹலியகொட பஸாரில் புடவைக் கடை நடத்திக்கொண்டு, நாடித்துடிப்பைக் காட்டும் ஒரு நெஞ்சுப்பட்டியோடு திருப்திப்பட்டவன். மேடு ஏறி முடிந்த பிறகுதான் உன் பட்டிக்கு மேடு வந்ததே தெரியும் என்று கிண்டல் செய்வேன். "ஒன்ட மெசின் காலப் பாக்குது, என்ட பட்டி ஆளப் பாக்குது" என்று பதில் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருடம் புத்தாண்டு ஓட்டம் உங்கள் ரமழான் நோன்பு மாதத்தில் விழுந்தது. நோன்பு திறப்பதற்கு முந்திய பின்னேரங்களில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஏற்றத்தில் பயிற்சி செய்தோம். ஒருநாள், நோன்புக்கு முன் செய்ததுபோலவே, என் பெடலை உன் சைக்கிளில் பூட்டிப் பார்த்தோம். வழக்கமான அதே வாட்ஸ்தான். உன் நாடித்துடிப்பு மட்டும் எங்கோ ஏறி நின்றது. நீ உடனே கியரைக் குறைத்தாய்.

"என்னடா, இது நீ சும்மாவே மிதிக்கிற வாட்ஸ்தானே?" என்றேன்.

"மச்சான், பெடலுக்கு நோம்பு இல்ல. நெஞ்சுக்கு ஈக்குது."

ஓட்டத்தன்று உன் சைக்கிளில் தண்ணீர்ப் போத்தல் இல்லை. நீ காய்ந்துகொண்டு வர நான் மட்டும் குடிப்பதா என்று தோன்றியது. என் போத்தலையும் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். அவளுக்கோ முதல் பரிசான காஸ் அடுப்பின் மேல் கண். "என்னங்க, வெயில் கொளுத்துது, தண்ணி இல்லாம போறீங்களே!" என்றாள். நான் கேட்கவில்லை. மீட்டர் காட்டிய வாட்ஸை விடாமல் பிடித்து, உன்னையும் சேர்த்து எல்லாரையும் பின்னால் விட்டேன். கடைசி ஏற்றத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சைக்கிள் பாதையில் நெளிந்தது.

அப்போது நீ வந்தாய். பட்டியைப் பார்த்து அளந்து அளந்து ஏறி, நிதானமாக வந்தாய். நம் இருவருக்கும் முன்னால் ஒருவரும் இல்லை.

"போத்தல் எங்கடா?"

"நீ நோம்பு புடிச்சிருக்கியேன்னு..."

"நோம்பு எனக்கா ஒனக்கா? மடையா!"

திட்டிவிட்டு நீ போயிருக்கலாம். போகவில்லை. என் முதுகில் கையை வைத்து, உச்சி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாய். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக நம்மைக் கடந்து போனார்கள். காஸ் அடுப்பு யார் வீட்டுக்கோ போனது. கொஞ்ச நாளைக்கு என் மனைவி நம் இரண்டு பேரையும் சேர்த்தே முறைத்தாள்.

போன மழைக்கு உன் கடைக்குள் வெள்ளம் வந்தது. சேற்றையெல்லாம் நீயே இறங்கி அள்ளினாய். சில நாளில் போன் பண்ணினாய். "சும்மா படுத்துத்தான் ஈக்கிறேன் மச்சான், பட்டியக் கட்டிப் பாத்தா நெஞ்சு மேடு ஏறுற மாதிரி அடிக்குது." எலிக்காய்ச்சல். உன் பட்டியும் சரியாகத்தான் சொன்னது, நீயும் உடனேதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். அப்படியும் போய்விட்டாயே என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இப்போது நானும் நெஞ்சுப்பட்டி கட்டுகிறேன். அதையும் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பயிற்சி. நீ சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள நான் தயார், கேட்டுச் சிரிக்கத்தான் நீ இல்லை. எந்த ஏற்றத்தில் ஏறினாலும் முதுகில் உன் உள்ளங்கை பட்ட இடம் எனக்குத் தனியாகத் தெரிகிறது.

இன்று பின்னேரம் அந்தக் கடைசி ஏற்றத்துக்குத் தனியாகப் போனேன். வாட்ஸ் சரியாக இருந்தது. நாடித்துடிப்பும் சரியாக இருந்தது. நீ கை வைத்த இடம் வந்ததும், என்ன நினைத்தேனோ, மிதிப்பதை நிறுத்திவிட்டேன். கொஞ்ச தூரம் தானாக ஏறிவிட்டு, சைக்கிள் நின்றுவிட்டது.