இருபதாம் நம்பர் படம்

உ

தொண்டாமுத்தூர்
11-2-96

அன்புள்ள ரசாக் பாய்க்கு,

பாலுசாமி எழுதுவது. இங்கே நானும் சின்னாத்தாளும் சுகம். அங்கே நீங்களும், தங்கச்சி உம்மல் குல்சும், குழந்தை நிதாவும் சுகம்தானே? நோன்பு மாசம், வெயிலும் இப்போதே ஏறிவிட்டது. கடிகாரக் கடைக்குள் காற்றும் வராது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை சலூனில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். கைக்குக் கிடைத்த வாரப் பத்திரிகையைப் புரட்டினால் நடுப்பக்கத்தில் நம்ம ஒற்றைக் கொம்பன்! தலைமேல் தென்னை மட்டை, காதெல்லாம் செம்மண், பின்னால் மலை. காட்டு விலங்குப் படப் போட்டியில் முதல் பரிசாம். கீழே 'படம்: அ. ரசாக், கோவை' என்று போட்டிருந்தது. முடி வெட்டுகிற சென்னிமலை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இது கார்த்திகையில நம்ம ஓடையில செத்துக் கெடந்த ஆனைதானுங்களே?" என்றான். நான் பாதி முடியோடு எழுந்து வாசல் வெளிச்சத்துக்கு வந்து பார்த்தேன். அதேதான்.

எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கக்கூடாதா பாய்? மோட்டார் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்த நாளில் இருந்து இரண்டு பேருக்கும் ஒரே கேமரா. ஒரே மொபெட்டில் வால்பாறை, டாப்சிலிப் எல்லாம் சுற்றியிருக்கிறோம். உங்கள் வீட்டில் ஆக்கிய சோற்றைக்கூட நாம் படம் எடுத்து முடித்த பிறகுதான் தொட முடியும். "ஆறிப்போன பிரியாணியைத் திங்கறதுக்கு நான் எதுக்கு வெறகடுப்புல நிக்கோணும்?" என்று தங்கச்சி எத்தனை தடவை திட்டியிருக்கும்! அப்படி இருந்தும், போட்டிக்கு அனுப்பியதை நான் சலூனில்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது எத்தனையாவது நம்பர் படம்? ரோலில் முதல் பதினெட்டு ஒருத்தர், அடுத்த பதினெட்டு மற்றவர் என்பது நம் வழக்கம். தீபாவளி கழிந்து நீங்கள் இங்கே வந்த அன்று முதல் பாதி என்னுடையது. அந்த மட்டை யானை தலையில் விழுந்த நேரம் கேமரா என் கையில்தான் இருந்ததாக எனக்கு ஞாபகம். நெகட்டிவைப் பார்த்து எழுதுங்கள்.

சின்னாத்தாள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள்
பாலு

786

கோட்டைமேடு, கோவை
16-2-96

அன்புள்ள பாலு அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு வந்தது. கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தேன். நம்பர் கேட்ட இடத்துக்கு வந்ததும் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்தது என் தப்புதான். பரிசு வரும் என்று நானே நினைக்கவில்லை. கடைசித் தேதிக்கு முதல் நாள் அவசர அவசரமாக ஒரு பெரிய பிரிண்ட் போட்டு அனுப்பினேன். வந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

நம்பர் கேட்டிருக்கிறீர்கள். நெகட்டிவ் ஓரத்தில் 19 என்று இருக்கிறது. அது கம்பெனிக்காரன் அச்சடித்தது, நான் எழுதியதில்லை. பதினெட்டு வரை நீங்கள், பத்தொன்பதில் இருந்து நான். நீங்கள் கேமராவைக் கொடுத்ததும் நான் அடித்த முதல் படம் அது. இதற்குமேல் நான் என்ன சொல்லட்டும் அண்ணா?

நிதா ஸ்கூல் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். குல்சும் இந்த மாசம் கஞ்சிச் சட்டிப் பக்கமே கேமராவை வரவிடுவதில்லை. பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டுவதை மட்டும் நாலு படம் எடுத்தேன். ஆவி அடித்து லென்ஸ் மூடிக்கொண்டது.

அங்கே ஃபாரஸ்ட்காரர்கள் இன்னும் வந்துபோகிறார்களா? ஒற்றைக் கொம்பனின் தும்பிக்கையில் கரண்ட் பட்ட காயம் இருந்ததாகப் பேப்பரில் படித்தேன். யாருடைய வேலி என்று தெரிந்ததா? உங்கள் மோட்டார் ரூம் பக்கமெல்லாம் வந்து பார்த்தார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணிக்கு என் சலாம்.

உங்கள் தம்பி
ரசாக்

உ

தொண்டாமுத்தூர்
24-2-96

ரசாக் பாய்க்கு,

பெருநாள் போய் மூன்று நாளாகிறது. வருஷா வருஷம் பெருநாளன்று மத்தியானம் டவுன்பஸ் கண்டக்டர் கையில் உங்கள் வீட்டுப் பிரியாணித் தூக்குப்போசி வந்து இறங்கும். இந்த வருஷம் நான் ஸ்டாப்பில் இரண்டு பஸ் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். சோற்றுக்காகச் சொல்லவில்லை. மனசில் ஒன்றும் இல்லாதவர் ஏன் நிறுத்த வேண்டும்?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் கூடுகிறது. நீங்கள் எனக்குக் கொடுத்த படங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பி எண்ணினேன். பதினேழுதான் இருக்கிறது. நான் பதினெட்டு எடுத்தேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணித்தான் எடுப்பேன் என்று உங்களுக்கே தெரியும், கேலிகூடச் செய்வீர்கள். அந்த ஒரு படம் எங்கே போனது பாய்?

சரி, அதையும் விடுங்கள். கேமரா கைமாறினால் வாங்கினவர் முதலில் கொடுத்தவரை ஒரு படம் எடுக்க வேண்டும், அதுதான் எல்லைக்கல் என்று சட்டம் போட்டது யார்? நீங்கள்தான். பிரிண்ட் வந்தால் யாருடையது எது என்று சண்டை வரக்கூடாது என்றீர்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது. மோட்டார் ரூம் ஓரத்தில் நின்று நான் கேமராவைக் கொடுத்தேன். "அண்ணா, கொஞ்சம் சிரிங்க" என்று நீங்கள் என்னை எடுத்தீர்கள். அதற்குள் யானை முதுகைக் காட்டிக்கொண்டு ஓடைக்கு இறங்கிவிட்டது. அப்படியானால் நீங்கள் அடித்த முதல் படம் என்னுடைய மூஞ்சியா, யானையா? என் மூஞ்சி இருபதாம் நம்பரில் இருந்தால் பத்தொன்பது யாருடையது?

அந்த இருபதாம் நம்பர் படத்தை இதுவரைக்கும் நீங்கள் என் கண்ணில் காட்டவே இல்லை. அதை அனுப்புங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

நடுவில் மோட்டார் ரூமைப் பற்றி என்ன விசாரணை? ரேஞ்சர் கேட்கிற மாதிரி கேட்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறவரை நான் எப்படி நம்புவது? ஓடை மூன்று தோட்டத்துக்கும் பொது. யானை எங்கே மிதித்ததோ யாருக்குத் தெரியும்?

சின்னாத்தாள் உங்கள் கட்சி. "அவரு அப்படிப்பட்ட மனுசன் இல்லீங்க, ஒருக்கா நேர்ல போயி கேட்டுப்போட்டு வாங்க" என்கிறாள். நேரில் வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

பாய், எனக்குப் படிப்பு இல்லை, பிள்ளை இல்லை. இந்த நாலு ஏக்கரும் எனக்குப் பிறகு பங்காளிகளுக்குத்தான். பாலுசாமி என்று ஒருத்தன் இருந்தான், அவன் கண்ணால் இதைப் பார்த்தான் என்று சொல்ல அந்த ஒரு படம்தான் கிடைத்தது. அதிலும் உங்கள் பெயர் இருக்கிறது. வயிறு எரிகிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எரிகிறது.

பத்து நாள் பார்ப்பேன். படம் வராவிட்டால் பத்திரிகைக்கு எல்லாவற்றையும் எழுதிப்போடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

பாலுசாமி

786

கோட்டைமேடு, கோவை
3-3-96

அன்புள்ள பாலு அண்ணனுக்கு,

நீங்கள் கேட்ட படம் இந்தக் கவரில் இருக்கிறது. நெகட்டிவும் கூடவே இருக்கிறது. என்னிடம் வேறு பிரிண்ட் கிடையாது, அல்லாஹ் மேல் ஆணையாகக் கிடையாது.

பத்தொன்பது உங்களுடையதுதான். அன்று தோட்டத்தில் அவசரமாக ஃபிலிம் மாட்டியதில், நீங்கள் எடுக்கத் தொடங்கும் முன்பே ஒன்றாம் நம்பர் வெளிச்சம் பட்டு எரிந்துபோயிருக்கிறது. அதனால் எல்லாம் ஒன்று தள்ளிப்போய், உங்கள் பதினெட்டாவது படம் பத்தொன்பதாம் நம்பரில் விழுந்திருக்கிறது. போட்டிக்கு அனுப்பும்போது நான் நம்பரை மட்டும் பார்த்து என்னுடையது என்று நினைத்தேன். ஆசையும் இருந்தது, மறைக்கவில்லை. மற்ற படங்களைப் பிரிண்ட் போட்டது அடுத்த வாரம்தான். இருபதில் நீங்கள் தலையில் துண்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பின்னால் ஒற்றைக் கொம்பனின் முதுகு தெரிகிறது. பார்த்ததும் புரிந்துவிட்டது. அன்றைக்கே பத்திரிகைக்கு எழுதிவிடலாம் என்று கவரெல்லாம் வாங்கினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து யானை செத்த செய்தி வந்தது. கரண்ட் என்று போட்டிருந்தது. ஏதோ தோன்றி, வாட்ச் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் மாட்டி அந்தப் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். நீங்களும் பாருங்கள் அண்ணா. உங்கள் வலது தோளுக்குப் பின்னால் மோட்டார் ரூம் ஜன்னல். அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கி வேலிக்குப் போகிறது. துணி காயப்போடுகிற கொடி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேலிக் கம்பத்தில், கரண்ட் கம்பத்தில் இருக்கிற மாதிரி பீங்கான் கட்டை வைத்துக் கம்பி கட்டியிருக்கிறது. துணிக்கொடிக்கு எதற்குப் பீங்கான் கட்டை?

அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. படம் உங்களுடையது என்று எழுதினால் பத்திரிகைக்காரன் ஆதாரத்துக்கு இருபதாம் நம்பரைத்தான் கேட்பான். உங்கள் பெயரோடு தோட்டமும் ஊரும் வெளியே வரும், ஃபாரஸ்ட்காரன் வாசலில் வந்து நிற்பான். என் பெயரிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களுக்குப் பொய்யும் எழுதினேன். பெருநாளன்று குல்சும் தூக்குப்போசியில் சோற்றைப் போட்டு மூடியும் வைத்தாள். நான்தான் பஸ்ஸுக்குக் கொண்டுபோகவில்லை. என்னால் முடியவில்லை அண்ணா.

நீங்கள் என்னைத் திருடன் என்று நினைத்தீர்கள். எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்று மாசமாக நான் உங்களை அதைவிட மோசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் கடையில் உட்கார்ந்து அந்த ஒயரை மனசுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த யானை உங்கள் கம்பியில்தான் அடிபட்டதா? இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். நான் நம்புவேன், காரணம் கேட்கமாட்டேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வந்த அன்றே போஸ்ட் பண்ணிவிடுவேன். பரிசு, பெயர் எல்லாம் உங்களுக்கு வந்து சேரும்.

உங்கள் தம்பி
ரசாக்

தொண்டாமுத்தூர்
14-3-96

ரசாக் பாய்க்கு,

கவர் வந்து ஒன்பது நாளாகிறது. சின்னாத்தாளிடம் காட்டவில்லை. "பாய் என்னங்க எழுதியிருக்காரு?" என்று தினமும் கேட்கிறாள். எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்கு மூன்று இன்லண்ட் வாங்கிக் கிழித்துப்போட்டேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொன்ன வார்த்தைதான். ரேஞ்சரிடம் அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன். உங்களுக்கு எழுத மட்டும் கை வரவில்லை.

மூன்று போகம் சோளத்தில் ஒரு கருது வீடு வந்து சேரவில்லை. பன்றிக்கு என்றுதான் கம்பி கட்டினேன். யானை வரும் என்று தெரியாதா என்று கேட்டால், தெரியும்.

நீங்கள் படம் எடுக்க வந்த அன்று, விடியும் முன்பே போய் ஸ்விட்சை நிறுத்திவைத்தேன். நீங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள் என்று பயம். அன்றைக்கு அது அந்தக் கம்பியைத் தாண்டித்தான் உள்ளே வந்தது, தாண்டித்தான் போனது. நீங்கள் வந்ததனால் அன்றைக்கு உயிரோடு போனது.

பத்திரிகைக்கு எழுதி வைத்த கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். அந்தப் படம் நீங்கள் எடுத்ததாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு
ஆ. பாலுசாமி