தவக்காலத்து இரத்தம்

பெரிய வாரம், புதன் இரவு

நித்திரை வரவில்லை.

காலையில் இரத்தப் பரிசோதனை முடிவோடு டொக்டரிடம் போனேன். போன முறை கண்டபாட்டுக்குக் கூடியிருந்த கொழுப்பு இம்முறை இறங்கியிருந்தது. எனக்குப் பெருமைதான். டொக்டர் அம்மா முடிவைப் பார்த்துவிட்டு என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

“தவக்காலம் முழுக்க இறைச்சி, பொரியல் ஒண்டும் தொடேல்லைப் போலை?”

“ஓம் டொக்டர்.”

“அப்ப இது தவக்காலத்து இரத்தம். மற்ற மாதங்களிலை கொழுப்பு கூடிக் கிடந்தா, கணையம் இன்சுலின் சுரக்கிறது மெல்ல மெல்லக் குறையலாம். இப்ப சீனி வருத்தம் இல்லையெண்டு பேசாமல் இருக்காதேங்கோ. உயிர்த்த ஞாயிறு போய் ரெண்டு மாதத்தாலை திரும்ப எடுங்கோ.”

வீட்டில் மனைவி, “என்னவாம்?” என்று கேட்டாள். கொழுப்பு குறைந்துவிட்டதாம் என்று மட்டும் சொன்னேன். திரும்ப எடுக்கச் சொன்னதையும் ஏன் என்பதையும் விட்டுவிட்டேன். அவள் உடனே என் அண்ணைக்குப் போன் எடுத்தாள். ஞாயிறுக்கு ஆடு அடித்து எல்லோருக்கும் பங்கு போடுவது அவர்தான்.

“அண்ணை, இந்த முறை எங்களுக்கு ரெண்டு பங்கு போடுங்கோ. இவருக்கு எல்லாம் சுகமாம்.”

அண்ணைக்கும் முதலில் கொழுப்பு மட்டும்தான் கூடியிருந்தது. இப்போது சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் இன்சுலின் ஊசி போடுகிறார். அவர் போனில் சிரித்தது எனக்குக் கேட்டது.

நாளைக்கு அவளிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு பங்கு போதும் என்றாவது சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு பங்கு என்று அவள் சொன்னபோது எனக்கு வாயூறியது. அதுதான் என்னைப் படுக்க விடவில்லை.