அப்பா பிரேக் மிதித்த இடம்

பிரேசர் டவுன்,
நவம்பர் 3

அன்புள்ள ஷெர்வின் அண்ணாவுக்கு,

சிந்தியா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் போய்க் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் "வேற என்ன?" என்று கேட்டதும் "ஒன்றுமில்லை" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். கில்பர்ட் அங்கிள் மஸ்கட் வருகிறார் என்று தெரிந்ததும், அவரிடம் கொடுத்த ஊறுகாய் டப்பாவோடு இதையும் வைத்துவிட்டேன்.

அம்மா நன்றாக இருக்கிறார். மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கு ஆபீஸில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அதனால்தான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

காரை விற்கச் சொன்னீர்கள். விற்கவில்லை. பீன்யாவிலிருந்து அருண்குமார் என்று ஒருவர் பார்க்க வந்தார். அம்மா தினமும் துடைத்து, கொஞ்ச நேரம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவதால் வண்டி பளிச்சென்று இருந்தது. ஆனால் உங்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து அப்பா கடைசியாக நிறுத்திய இடத்திலிருந்து அது ஓரடிகூட நகர்ந்ததில்லை. நகர்த்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் நகர்த்தவும் இல்லை, அவ்வளவுதான். அருண்குமார் கியர் போட்டதும் சக்கரத்துக்குள் எதுவோ பிடியை விட்டதுபோல 'டக்'கென்று ஒரு சத்தம். கோல்ஸ் பார்க்கை ஒரு சுற்று சுற்றி வந்து சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கையை உதறுகிறதாம். "வண்டியில யாரோ இருக்காங்க மேடம், எனக்கு முன்னாடியே பிரேக் போடறாங்க" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அம்மா கேட்டருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனதும் அம்மா காரில் போய் உட்காருகிறார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு. ஜெபமாலை சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் டீ கொண்டுபோனபோது பார்த்தேன். அது ஜெபமாலை இல்லை அண்ணா. கொஞ்சம் பேசுகிறார், நிறுத்துகிறார், தலையாட்டுகிறார், மறுபடி பேசுகிறார். எனக்குக் கண்ணாடியைத் தட்டத் துணிவு வரவில்லை. டீயைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

பிரேக்கைச் சரிசெய்தால் அம்மா பழையபடி ஆகிவிடுவார் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரு சனிக்கிழமை நானே கராஜுக்கு ஓட்டிப்போனேன். அம்மாவும் வந்தார். சிக்னலில் பிரேக் மிதித்தபோது அருண்குமார் சொன்னது புரிந்தது. சக்கரம் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் பெடலுக்கு அடியிலிருந்து பாதத்தை யாரோ மெதுவாகத் தட்டுகிறார்கள். வண்டி நிற்க நிற்கத் தட்டலும் மெதுவாகிறது. எனக்குப் பயமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அடுத்த சிக்னலும் சிவப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கராஜ் மெக்கானிக் சுனில் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு வட்ட இரும்புத் தட்டு. அதைத்தான் பிரேக் பேட் இருபுறமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிறதாம். தட்டு முழுக்கத் துரு, ஓரிடத்தில் மட்டும் பேட்டின் வடிவம் கறுப்பாகப் பதிந்திருந்தது. கவ்விய நிலையிலேயே மழையும் வெயிலும் பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டதாம். அம்மா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இது அவரு கடைசியா மிதிச்ச இடம்" என்றார். சுனிலுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார்.

லேத்தில் கொடுத்துத் தட்டின் மேல்பரப்பைச் சீவியும் ஓட்டலாம், புதிதும் போடலாம் என்று யாரிடமோ கேட்டுவைத்திருந்ததைச் சொன்னேன். அம்மா உடனே, சீவினால் போதும், பழசே இருக்கட்டும் என்றார். சுனில், "பேடம்மா, வேணாம். ஏற்கனவே ஒரு தபா சீவின டிஸ்க் இது. இன்னொரு தபா சீவினா அப்பளம் ஆயிடும், ஹெப்பாள் ஃப்ளைஓவர் எறங்கறப்போ சூடாகி பிரேக் விட்டுடும்" என்றார். அம்மா கேட்கவில்லை. எங்கள் உயிர் எங்கள் பாடு என்றார். நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சுனில் காத்திருந்தார். நம் வீட்டில் முதல் டிகிரி என்று அப்பா தெருவுக்கெல்லாம் சொன்னாரே, அந்த டிகிரிக்காரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். சீவினால் இந்தக் கறுப்பு இருக்குமா? "அதத்தானேம்மா மொதல்ல சீவி எடுப்பாங்க" என்றார் அவர்.

அம்மா குனிந்து அந்தத் தடத்தில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு, "புதுசே போடுப்பா. இத என்கிட்ட குடுத்துடு" என்றார்.

அந்தத் தட்டைப் பழைய நைட்டியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நேற்றுக் கல்லறைத் திருநாள். கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்துக்கு அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அப்பாவின் கல்லறையில் அதைப் படுக்கவைத்து, போல்ட் மாட்டுகிற ஓட்டைகளில் மெழுகுவத்திகளைச் செருகி ஏற்றினார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். மெழுகு உருகி அந்தக் கறுப்புத் தடத்தின் மேல் ஓடியது.

பெடல் இப்போது தட்டுவதில்லை. வண்டி நன்றாக நிற்கிறது. ஆனாலும் நேற்று வீடு திரும்பியதும் அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. அப்போதுதான் சொன்னார். அன்றைக்கு அப்பா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தாராம். மகன் போன வருத்தம், கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும் என்று கூப்பிடாமல் விட்டாராம். சமையலை முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தாராம், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "கோவத்துல உக்காந்திருந்தாரா, சும்மா உக்காந்திருந்தாராடி? அதத்தான் தெனமும் கேக்கறேன்" என்றார்.

அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும் அண்ணா. கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டில் நீங்களும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை. அடக்கத்துக்கு வந்தபோதும் நீங்கள் அந்தக் கார் இருந்த பக்கம் திரும்பவில்லை. நான் குறை சொல்லவில்லை. ஆண்டவர் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும், அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஏர்போர்ட் போகிற வழியில் அப்பா என்ன பேசினார் என்று அம்மாவிடம் ஒரு தடவை சொல்லுங்கள். சண்டை என்றால் சண்டை என்றே சொல்லுங்கள். ஒன்றுமே பேசவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள். சாயங்காலமாக எனக்குப் போன் செய்யுங்கள், அம்மா வண்டிக்குள்தான் இருப்பார். நான் போனைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்த முறை கண்ணாடியைத் தட்டுவேன்.

உங்கள் தங்கை,
சிந்தியா