கோலை விட்டு நீ ஓடியது ஏன்

என் மச்சானே, ராசா, அருளப்பா,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. கல்லறைக்கு வந்து பேசலாமென்றால் அங்கே தனியாக நிற்க விடமாட்டேன் என்கிறார்கள். யாராவது வந்து "எப்ப வந்தீக, சுகமா?" என்று கேட்டு, வீட்டுக்குக் காப்பி குடிக்க இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன். சிரிக்காதே. ஹாஸ்டலில் லீவு லெட்டரைக்கூட உன்னை எழுத வைத்தவன்தான், இப்போது தாள் தாளாக எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. நம் யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீமின் வரலாறு புத்தகமாக வரப்போகிறது. எல்லாம் ஹனீபாவின் வேலை. ரைட் அவுட்டில் ஓடுவானே, ஓடியதைவிட அதிகமாகப் பேசுவானே, அவனேதான். பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் தேடிப் பிடித்துச் சங்கம் வைத்திருக்கிறான். பாலக்காட்டில் என் வீட்டுக்கு வந்து, "நீ பென்சன் வாங்கிட்டுச் சும்மாதானே உக்கோந்திருக்கற, நம்ம காலத்து டீமப் பத்தி நீ எழுதீரு" என்று ஒரு கட்டுக் காகிதத்தை மேசையில் போட்டுவிட்டுப் போனான்.

நானும் உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, எழுத எழுத ருசியாக இருந்தது. முதல் டீம் வெறுங்காலோடு ஆடியதாம். செம்மண் மேட்டை மாணவர்களே மண்வெட்டியால் வெட்டிச் சமன் செய்து மைதானமாக்கினார்களாம். பூட்ஸ் வந்த வருஷம், அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியாமல் பாதிப் பேர் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார்களாம். நம் குருப்பு சாரே அந்த டீமில் பேக் ஆடியவர் என்று உனக்குத் தெரியுமா? நமக்குக் கோச்சாக இருந்த இரண்டு வருஷமும் அந்த மனுஷன் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

நம் காலத்தையும் எழுதினேன். பிராக்டீஸ் மேட்சுக்குப் பதினோரு ஜெர்சிதான், ஆள் மாறினால் வெளியே வருகிறவன் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஒல்லிக்குச்சி பாஸ்கரனின் ஜெர்சியை ஹனீபா தலை வழியாக மாட்டி, தொப்பைக்குக் கீழே இறங்காமல் நின்றதே, அதையும் எழுதினேன். பிறகு அதைப் படித்துவிட்டு, அந்த வரியை வெட்டிவிடு என்று கெஞ்சினான். முடியாது என்றுவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் டீமுக்குள் வந்ததை எழுதும்போதுதான் கை மெதுவானது. மூணாறு எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள் கீழே இறங்கிக் காலேஜில் சேர்ந்தது ஒன்று, யூனிவர்சிட்டி டீமில் கோலியாக நீயும் லெஃப்ட் பேக்காக நானும் நின்றது இன்னொன்று. அதைப் படிக்கிறவர்களுக்கு நம் எஸ்டேட் கிரவுண்டு எப்படிப்பட்டது என்று சொல்லியாக வேண்டும் அல்லவா? வலது பக்கம் மண்மேடு. இடது பக்கம் கோட்டுக்கு இரண்டடி தள்ளிச் சரிவு, கீழே தேயிலை, அதற்கும் கீழே ஓடை. இருந்தது ஒரே ஒரு பந்து. அது அந்தப் பக்கம் உருண்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கடைசியாகத் தொட்டவன் அட்டைக்கடியோடு இறங்கித் தேட வேண்டும். ஏறி வருவதற்குள் மூடுபனி இறங்கிவிடும்.

அதனால் நம் ஊரில் ஒரு சட்டம். எந்த டீமாக இருந்தாலும் சரி, பந்து சரிவுப் பக்கம் போனால் பார்த்தவன் "பள்ளம்!" என்று கத்த வேண்டும். கத்தல் கேட்டால் பக்கத்தில் இருப்பவன் யோசிக்கக்கூடாது, விழுந்தாவது பந்தை உள்ளே இழுக்க வேண்டும். பிறகுதான் கோல், ஃபவுல் எல்லாம். ஐந்து வயதிலிருந்து அப்படித்தான் ஆடினோம். கோச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அதற்கு மேலே பூசியதுதான்.

அந்த அத்தியாயத்தை ஹனீபாவுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டான்.

"எல்லாம் அருமையா இருக்குது. ஆனா அந்த ஃபைனலப் பத்தி ஒரு வரியும் காணமே?"

"அது எதுக்குடா இப்ப?"

"எதுக்கா? நம்ம டீமு அது ஒருக்காத்தான் ஃபைனல் வரைக்கும் போச்சு. நீ எழுதாட்டி நான் எழுதிக்கறேன்" என்றவன், எழுதிவைத்திருந்ததைப் படித்தும் காட்டினான். 'கோல்கீப்பர் அருளப்பன் காரணமே இல்லாமல் ஓடி வெளியே வந்ததால் கோப்பை கைநழுவியது.' படித்துவிட்டு, "நெசந்தானே?" என்று கேட்டான். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

மச்சான், உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நீ அறிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அந்த இறுதி ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிஷம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவர்கள் ஆள் ஒருவன் அடித்த பந்து யாருக்கும் எட்டாமல், நம் கோலுக்கு இடது பக்கமாக மெல்ல உருண்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. போனால் நமக்குக் கோல்கிக். அவ்வளவுதான். நீ கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அது போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாய். எவ்வளவு சரியாக நின்றாய்! நான்தான் "பள்ளம்!" என்று கத்தினேன்.

ஏன் கத்தினேன்? இடது பக்கம் பந்து உருண்டது, கண் பார்த்தது, வாய் கத்தியது. அதற்குமேல் எனக்கும் தெரியாது. சமதரையில், பள்ளமே இல்லாத மைதானத்தில், கத்தினேன். நீ கோலை விட்டுப் பாய்ந்து விழுந்து, வெளியே போகவிருந்த பந்தைக் கையால் உள்ளே இழுத்தாய். அது உன் நெஞ்சில் பட்டுத் தெறித்து, ஓடி வந்த அவர்கள் ஃபார்வர்டின் காலடிக்குப் போனது. கோலில் ஆள் இல்லை. அவன் தட்டிவிட்டான்.

அந்தக் கூச்சலில் என் குரல் உன்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாருக்கு விளங்கியிருக்கும்?

ஆட்டம் முடிந்து அறைக்குள் குருப்பு சார் உன் எதிரில் வந்து நின்றார். திட்டவில்லை. "எந்தினாடா நீ ஓடியது?" என்று, ஏன் ஓடினாய் என்பதை மட்டும் மலையாளத்தில் கேட்டார். நீ சொன்னாய்: "தெரியல சார். பழக்கம்." நான் உனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பூட்ஸ் கயிற்றில் இல்லாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அடச்சீ, அதற்கும் உன்மேலேயே பழியா?

அன்று ஒரு அரசாங்க இலாகாவின் டீமுக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு விலாசம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் எனக்குக் கடிதம் வந்தது. உனக்கு வரவில்லை. கோலிக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து பாலக்காட்டிலேயே வீடு கட்டிக்கொண்டேன். நீ எஸ்டேட்டுக்குத் திரும்பி ஃபேக்டரியில் வேலை பார்த்து, அப்புறம் ஜீப் ஓட்டினாய். ஊர் சுற்ற வருகிறவர்களுக்குத் தோட்டத்தைக் காட்டிக் காட்டியே உனக்கு வயதாகிவிட்டது.

என் தங்கை ரெஜினாவைக் கேட்டு நீ வந்தபோது, அப்பாவைவிட முந்திக்கொண்டு நான் சரி என்றேன். எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். பெரிய மனசாவது மண்ணாவது, பயம்! நீ அதையாவது கேட்டாயே என்றிருந்தது எனக்கு.

சொல்ல எத்தனை முறை வாய் வரை வந்தது தெரியுமா? உன் மகள் ஜெனியின் ஞானஸ்நானத்தன்று வந்தது. போடிமெட்டில் உன் ஜீப் நின்றுபோய் நாம் இருவரும் ரோட்டோரம் உட்கார்ந்து கடலை தின்ற அன்று, ஏறக்குறைய வெளியே வந்துவிட்டது. நீ அதற்குள், "மச்சான், அந்தா பாரு, நம்ம ஹனீபா மாதிரியே ஒருத்தன் போறான்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்து முழுங்கிவிட்டேன். இப்போது நினைத்தால் தோன்றுகிறது, நீ எனக்கு வழி விட்டாயோ? அல்லது தப்பிக்க விட்டாயோ?

ஹனீபாவின் போன் வந்த மறுநாள் காலை பஸ் ஏறினேன். உடுமலைப்பேட்டை வழியாக மறையூர். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வெல்லம் வாங்கினார்கள், நானும் ரெஜினாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்குக்கூட அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

ரெஜினா அடுக்களையில் கப்பைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. கத்தினது நான், வாயை மூடிக்கொண்டதும் நான், உன் வீட்டுக்காரருக்கு வர வேண்டிய வேலை என்னால் போனது என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

"எப்படி?"

"கல்யாணம் ஆன மாசமே அவுக சொல்லிட்டாக."

அங்கேயே பலகையில் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப ஏன்ளா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நான் கேக்கத்தான் கெளம்புனேன். சண்ட போட்டிருப்பேன். அவுகதான் விடல. 'உங்கண்ணன் கத்துனான், நான் ஓடுனேன். வேற எவன் கத்தியிருந்தாலும் ஓடியிருக்க மாட்டேன். நீ ஒண்ணும் கேக்காத, அவனாச் சொல்லட்டும்'னாக. ஒவ்வொரு தடவ நீ வரும்போதும் உனக்கு ரெண்டு டம்ளர் காப்பி போடச் சொல்வாக. இருந்து பேசட்டும், இன்னைக்கிச் சொன்னாலும் சொல்வான்னு."

சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை மச்சான். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரெண்டு வருஷம் முன்னால வந்திருக்கலாம்லண்ணே" என்றாள்.

அழுதேன். உன் சாவுக்குக்கூட ஆண்பிள்ளை மாதிரி நின்று எல்லாக் காரியத்தையும் பார்த்தவன், உன் அடுக்களையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஜெனி வேலையிலிருந்து வந்து, மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கும் சொன்னேன், புத்தகத்தில் இதை எழுதட்டுமா என்றும் கேட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "எழுதுங்க மாமா. ஆனா எங்கப்பாவப் பாவம்போல மட்டும் எழுதிராதீக" என்றாள்.

அப்படியே செய்தேன். அரையிறுதியில் நீ தடுத்த இரண்டு பெனால்டியையும் எழுதினேன். இரண்டாவதைத் தடுத்தபோது விரல் பிசகி, வலிக்கவில்லை என்று பொய் சொன்னதை எழுதினேன். மழையில் நனைந்த பந்தை அரை மைதானம் தாண்டி நீ கையால் எறிவதை எழுதினேன். அதற்கப்புறம் ஃபைனல். லெஃப்ட் பேக் ஜேசுராஜ் கத்தினான், அதனால் அருளப்பன் ஓடினான் என்று, நம் கிரவுண்டின் சட்டத்தோடு சேர்த்து எழுதினேன். என் வேலை எப்படி வந்தது என்பதையும் விடவில்லை.

ஹனீபா படித்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். "இத்தன வருசமா அவனப் பாக்கறப்பெல்லாம் கிண்டல் பண்ணீட்டு இருந்தனேடா" என்றான். "ஓட்டக்காரான்னு கூப்பிடுவேன். சிரிச்சுட்டே வருவான்." அவனுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஹனீபாவுக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள். தன் வரியை அவனே பேனாவால் அடித்துவிட்டுப் போனான்.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. வருகிற சனிக்கிழமை அந்தச் செம்மண் மைதானத்திலேயே விழா. நம் டீமில் மிச்சமிருக்கிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள். குருப்பு சாரும் சக்கர நாற்காலியில் வருகிறாராம், தொண்ணூறு நெருங்குகிறது, ஆனால் ஆளை அடையாளம் தெரிகிறதாம். ரெஜினாவும் ஜெனியும் வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அச்சில் இருப்பது போதாது என்று எனக்குப் படுகிறது. புத்தகத்தை யார் முழுதாகப் படிக்கிறார்கள்? படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அதனால் இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. சனிக்கிழமை அந்தப் பக்கத்தை நானே மைக் முன்னால் படிப்பேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். குருப்பு சாருக்குக் காது மந்தம், எனவே படித்து முடித்ததும் இறங்கிப் போய், அவர் காதருகே குனிந்து, அன்று உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லாததை ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். அவர் என்ன சொன்னாலும் தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்வேன்.

நீ இருக்கும்போது வாய் திறக்காத உன் மச்சான்,
ரெஜினாவின் அண்ணன், ஜெனியின் தாய்மாமன்,
ஜேசுராஜ்