மடிக்கு வந்த பை

யூன் 4, புதன்

இன்று எங்கள் மேலாளர் டொமினிக் சேரிடம் நான் சொல்லாதது: அந்த வரைபடம் கார் வைத்திருப்பவர்களுக்கானது, சேர்.

அவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மண்டூர்ல இருந்து இஞ்ச மட்டக்களப்புக்கு ஒரு மணித்தியாலம்தானே காட்டுது, கம்சாயினி. நீங்க எதால வாறீங்க?"

படத்தில் வாவி அழகான நீலமாக இருந்தது. அதைக் கடக்கும் பாதை (எஞ்சின் பூட்டிய மிதக்கும் தட்டைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம்) வரும்வரை கரையில் நிற்பது படத்தில் இல்லை. அக்கரையில் இறங்கி மெயின் றோட்டுக்கு நடப்பதும், நிரம்பி வரும் பஸ்ஸை நோக்கிக் கையை நீட்டிப் பிரார்த்திப்பதும் இல்லை.

"நேரத்துக்கு வாறன் சேர்" என்றேன்.

மாதம் பிறந்து நான்கு நாள்தான். அதற்குள் இரண்டு முறை பிந்தியாயிற்று. மூன்றாவது முறை பிந்தினால் நிரந்தரமாக்க மாட்டார்களாம். தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. பதிப்பகத்தில் பிழைதிருத்தும் வேலை. வாசிப்பதற்குச் சம்பளம் தரும் இன்னோர் இடம் இந்த மாவட்டத்தில் இருப்பதாக நான் அறியேன். இது போனால் களுவாஞ்சிக்குடியில் மாமாவின் ஹாட்வெயார் கடைதான். ஆணியில் வாசிக்க என்ன இருக்கிறது?

யூன் 5, வியாழன்

பெரியம்மாவின் மகன் ரதீஸ் அண்ணா மறுபடியும் தொடங்கிவிட்டான். "ஒரு ஸ்கூட்டி எடுத்தா முடிஞ்சிது. பஸ்ஸ நம்பி வேல பாக்க ஏலுமா?" போன வருடம் அவன் ஓட்டப் பழக்கியபோது நான் நேரே வாய்க்காலுக்குள் போனதை அவன் மறந்திருக்கலாம். வாய்க்காலும் நானும் மறக்கவில்லை.

ஸ்கூட்டியில் புத்தகம் வாசிக்க முடியாது என்று சொல்ல நினைத்தேன். பஸ்ஸில் மட்டும் முடிகிறதா? இருக்க இடம் கிடைத்தால் நிற்பவர்களின் பைகளெல்லாம் மடிக்கு வந்துவிடும். இன்று என் மடியில் ஒரு பள்ளிக்கூடப் பை, ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு ஹெல்மெட். பஸ்ஸில் வருபவருக்கு ஹெல்மெட் எதற்கு? கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லை. திறந்து பார்ப்பது வழக்கமே இல்லை. இருந்தவர் எழுந்தால் பைகள் அடுத்து இருப்பவரின் மடிக்குப் போகும். சொந்தக்காரர் தன் இடம் வந்ததும் எடுத்துக்கொண்டு இறங்குவார்.

யூன் 12, வியாழன்

பாதையில் ஒரு லேன்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு இயந்திரம், ஏறியது. கரைக்கு வந்ததும் இறங்கமாட்டேன் என்றது. எல்லோருமாகத் தள்ளினோம். பிறகு நான் ஏறிய தனியார் பஸ்ஸை அரச பஸ் ஒன்று துரத்தியதால் எங்கள் பஸ் பறந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மட்டக்களப்பு. பிந்தவில்லை!

யூன் 20, வெள்ளி

விடியமுன் வெளிக்கிட்டால் எதுவும் சாத்தியம். இப்போதெல்லாம் கோழியை நான்தான் எழுப்புகிறேன் என்கிறார் அம்மா.

யூன் 24, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? சிரித்தபடியா, பயந்தபடியா?

சேரின் கார் பழுதாகிக் கராஜில். தாழங்குடாவில் எங்கள் பஸ்ஸில் ஏறினார். வெள்ளைச் சேட், தோளில் கறுப்புப் பை. நான் முகத்தைத் திருப்பி, பக்கத்தில் நின்றவரின் கக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க! நடுவில பந்து விளையாடலாம்!" கண்டக்டர் நிதுர்ஷன் அவரைப் பின்னால் தள்ளினான். போகிற வழியில் சீதேவி அக்கா, கல்லடியில் தையல் கடை வைத்திருப்பவர், இருந்தபடியே கையை நீட்டி அவர் தோளிலிருந்த பையை உருவினார்.

"ஏய்! என்ட பேக்!"

பஸ்ஸே திரும்பியது.

"ஐயோ தம்பி, நான் என்ன கள்ளியா? பாரமா இரிக்கே எண்டு மடியில வெச்சிக்கிறன். நீங்க கம்பியப் புடிங்க, விழுந்திராம."

கல்லடியில் அக்கா எழும்பினார். பக்கத்தில் நின்ற நான் அந்த இடத்தில் இருந்தேன். பைகள் என் மடிக்கு வந்தன, சேரின் பை எல்லாவற்றுக்கும் அடியில். பின்னாலிருந்து சேர் எட்டிப் பார்த்தார். அக்காவையும் காணவில்லை, பையையும் காணவில்லை. "இறக்கம்! இறக்கம்!" என்று கத்தியபடி குதித்தார்.

"சேர்" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டேனா? வாய் திறந்தது. சத்தம் வந்ததாக நினைவில்லை. பஸ் பாலத்தில் ஏறிவிட்டது.

ஒன்பதுக்கு முன்பே பதிப்பகக் கந்தோர் வாசலில் நின்றேன். மோட்டார்சைக்கிளில் வருபவர்கள் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். சாவி சேரிடம். கணக்குப் பார்க்கும் மார்கிறட் அக்கா அவருக்குப் போன் எடுத்தார். என் கையிலிருந்த பை பாடியது.

"சாவியும் அதுக்குள்ளதான் கா இரிக்கும். திறவுங்க!"

"மடிக்கு வந்த பை அக்கா. திறக்கக்கூடாது."

"இதென்ன பஸ்ஸா? உங்களுக்கு இது மூணாவது தரம், தெரியுமா?"

தெரியாமலா? வரவு பதிய விரல் வைக்கும் இயந்திரம் கதவுக்கு அந்தப் பக்கம். பையின் சிப்பை இழுத்தால் போதும். ஆனால் கை போகவில்லை. என்னை நம்பித் தந்ததுகூட இல்லை அது, வரிசையில் வந்தது — அதனால்தான் இன்னும் முடியவில்லை. இதை வெயிலில் நிற்பவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? படியில் குந்தி, பையை மடியில் வைத்துக்கொண்டேன். மாமாவின் கடையும் ஆணிப் பெட்டிகளும் கண்முன் வந்தன.

ஒன்பது அடித்து வெகுநேரத்துக்குப் பின் ஓட்டோ ஒன்று வந்தது. உள்ளே சேர். பக்கத்தில் சீதேவி அக்கா!

"இந்தா இரிக்கு பை! என்ட கட முழுக்கத் தேடவெச்சிட்டாரே மனிசன். சட்ட தைக்க வந்த பொம்புளையள் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்கிதுகள்." பிறகு என்னிடம், "நீ ஒரு சத்தம் போட்டிரிக்கலாமே புள்ள?"

"போட்டன் அக்கா. வெளியில வரல்ல."

சேர் பையிலிருந்து சாவியை எடுத்தார். வரிசையாக விரல் வைத்தோம். அவர் கடைசி.

மார்கிறட் அக்கா கேட்டார். "பிந்தினாக்கள எழுதட்டா சேர்? எல்லாரும்தான். உங்கட பேர முதல்ல போடவா, கடைசியில போடவா?"

சேர் சுவரிலிருந்த இயந்திரத்தைப் பார்த்தார்.

"மெசின் இண்டைக்குப் பழுது எண்டு போடுங்க."

இயந்திரம் பச்சை விளக்கை எரித்துக்கொண்டே இருந்தது.

யூன் 25, புதன்

கார் இன்னும் வரவில்லை. சேர் பஸ்ஸில் ஏறியதும் தானாகவே பையைக் கழற்றிச் சீதேவி அக்காவிடம் நீட்டினார். சாவி மட்டும் சேட் பொக்கற்றில் துருத்திக்கொண்டிருந்தது.

யூலை 1, செவ்வாய்

நேற்று நிரந்தர நியமனக் கடிதம் தந்தார்கள்.

இன்று பாதை பிந்தியது. நான் போனபோது ஒன்பது தாண்டிவிட்டது. டொமினிக் சேர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பஸ்ஸா?" என்றார்.

"ஓம் சேர்."

அவர் போனை நீட்டாமல் தன் அறைக்குப் போனார். நான் புரூஃப் தாளை எடுத்தேன்.