அப்பாவின் வலது கால்

ஈஜோக்,
செப்டம்பர் 14, ஞாயிறு.

அன்புத் தம்பி யுவனேஸ்வரனுக்கு,

அக்கா விக்னேஸ்வரி எழுதுவது. பெர்த்தில் நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் யார் தாளில் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. போனில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. தாளையாவது பிரித்துப் பார்ப்பாய் அல்லவா?

இங்கே ஒரு வாரமாக நல்ல மழை. எனக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். கார் இல்லாததால் புக்கிட் பெருந்துங் வரைக்கும் கம்பெனி பஸ்தான். விடியும் முன்பே கிளம்பினால், திரும்ப மாலை ஐந்தாகிறது.

அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார். ஆனால் இரண்டு மாதமாக அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. நான் வரும்வரை ஒரு வாய்த் தேநீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், கேஸைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டால் என்ன செய்வது என்கிறார். எதிர் வீட்டுப் பெண் தன் குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னாள். அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பகல் முழுக்க வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தரையில் நகர்த்திப் பார்க்கிறார். கொஞ்சம் இடப்பக்கம் பிரேக், கொஞ்சம் வலப்பக்கம் ஆக்சிலேட்டர். படிக்கிறாராம். முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் லோரி ஓட்டிய மனிதர் தம்பி, செம்மண் சரிவில் மழைக்காலத்தில் செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போனவர். எழுபத்தொரு வயதில் எது பிரேக் என்று பாடம் படிக்கிறார்.

நீ பெர்த்துக்குப் போகும்போது விட்டுப் போன கார் அது. பேர் உன் பேரில், ஓட்டம் எங்கள் ஓட்டம். போன வருடம் தீபாவளிக்குப் பிறகு ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. காலை எடுத்தாலும் பெடல் மேலே வராது, இஞ்சின் மட்டும் கத்தும். அப்பாவா அசருகிற ஆள்? தோட்டத்துப் பழக்கம், எப்போதும் வெறுங்காலில்தான் ஓட்டுவார், செருப்பு பின் சீட்டுக்கடியில் கிடக்கும். கட்டை விரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கிவிடுவார். உடனே அடங்கிவிடும். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நானும் மூன்று மாதம் அப்படித்தான் வேலைக்கு ஓட்டிப் போனேன். பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்ட பெருமை. கெட்டுப் போன காரைச் சரி செய்யாமல் அதற்கு ஏற்றபடி நாங்கள் விரலைப் பழக்கிக்கொண்டோம். இதில் என் தப்பும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரியில் அப்பாவே காரை லோகேஸ்வரன் வொர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். ஆக்சிலேட்டர் கேபிள் உள்ளே பிரிந்து போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று அவன் உனக்குப் போன் செய்திருக்கிறான். தீபாவளிக்கு வந்து காரை விற்கப் போகிறேன், அதுவரை கை வைக்காதே என்று நீ சொல்லியிருக்கிறாய். இது எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் நீ சொன்னது வேறு. எல்லாம் மாற்றியாகிவிட்டது, இனி தைரியமாக ஓட்டுங்கள் என்றாய். லோகேஸ்வரன் சாவியைக் கொடுக்கும்போது, தம்பியிடம் பேசிவிட்டேன் ஐயா என்று மட்டும் சொன்னானாம்.

திரும்பி வந்த மறுநாளே பெடல் ஒட்டிக்கொண்டது. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி மாத்தியாச்சுன்னு சொல்றான்மா. அப்ப என் காலுதான் கனத்துப் போச்சு போல." அன்றைக்கே தொடங்கியது இது. அவருக்குத் தன் காலைவிட உன் வாய் பெரிது.

மே மாதம் உன் மைத்துனியின் நிச்சயதார்த்தம். நீ வர முடியாது, உன் சார்பில் அப்பா போக வேண்டும் என்றாய். சரி. கூடவே ஒன்று சொன்னாய், பெண் வீட்டார் பெரிய இடம், செருப்போடு போய் என் மானத்தை வாங்காதீர்கள் என்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று போட்ட கறுப்பு ஷூவை அப்பா துடைத்து மாட்டிக்கொண்டார். தட்டு தூக்க ஆள் வேண்டுமென்று பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவை நான்தான் கூப்பிட்டேன்.

மண்டப வாசலில் லெட்சுமி அக்கா தட்டோடு முன்னால் இறங்கி நடந்தார். உள்ளே காரை விட ஒரு மேடு ஏற வேண்டும். அப்பா லேசாக மிதித்தார். மேடு ஏறியது, காலை எடுத்தார், பெடல் வரவில்லை. அவர் ஷூவின் மூக்கைப் பெடலுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. உடனே பிரேக்கை மிதித்தார். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன் தம்பி, என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அவர் கால் பிரேக்கில்தான் இருந்தது. சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார். ஆக்சிலேட்டர் தானாகக் கீழே கிடந்தது. டயர் தேய்ந்த கறுப்புக் கோடு அந்த மண்டப வாசலில் இரண்டு வாரம் இருந்தது. கார் லெட்சுமி அக்காவைத் தூணோடு சேர்த்து நசுக்கிய பிறகுதான் நின்றது.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் செய்தேன். நீ லெட்சுமி அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்கும் முன்பே சொன்னாய், கார் கோளாறு என்று வாயைத் திறக்காதே, கோளாறு தெரிந்தே ஓட்டினார் என்று அப்பாவை உள்ளே தள்ளிவிடுவார்கள், வயதானவர் கால் தவறிவிட்டது என்றால் லேசாக விடுவார்கள் என்று. நான் பயந்துவிட்டேன். போலீசில் கேட்டபோது, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதையும் கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு லோகேஸ்வரனைத் தேடிப் போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். உன்னிடம் கேட்டேன், முடிந்ததைக் கிளறாதே என்றாய். அதற்குள் காரையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாய். அதோடு விட்டாயா? அப்பாவுக்குப் போன் போட்டு, வொர்க்ஷாப்பில் பார்த்தார்கள், காரில் ஒரு குறையும் இல்லை, வயதாகிவிட்டது அப்பா, யாருக்கும் நடக்கிறதுதான் என்று ஆறுதல் சொன்னாய். அந்த ஆறுதல்தான் அவரைத் தின்கிறது.

ஜூலையில் கோர்ட்டில் கால் தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். அபராதம் போட்டு லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள். நீ சொன்னபடி லேசாகத்தான் விட்டார்கள். நீதிபதிக்காகச் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

லெட்சுமி அக்காவுக்கு இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தது. இன்னும் நிற்க முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அவர் கணவர் செல்லையா அண்ணன்தான் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. இருபது வருடம் அப்பாவோடு லோரி ஓட்டியவர். போன மாதம் அப்பா அவர் வீட்டு வாசலில் போய் நின்று, தப்பா மிதித்துவிட்டேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய் என்று அழுதிருக்கிறார். செல்லையா அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "நீயா சுப்ரமணி தப்பா மிதிச்ச?" அப்பா ஆமாம் என்றாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, கால் பிரேக்கில்தான் இருந்தது, கேபிளை மாற்றவே இல்லை, தம்பி பொய் சொன்னான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. என் தலையில் கை வைக்க வந்தவர் கையை மடக்கிக்கொண்டார். "நீ பாக்கலன்னு அன்னிக்கே எழுதிக் குடுத்தியேம்மா. இப்ப எனக்காகப் பொய் பேசாத." லோகேஸ்வரன் சொன்னான் என்றேன். வேலை செய்யாமல் விட்டவன் எதையாவது சொல்வான், யுவன் எதற்கு என்னிடம் பொய் சொல்லப் போகிறான் என்று கேட்டார்.

என் வார்த்தையை நானே செல்லாக்காசாக்கிவிட்டேன். அதனால்தான் உன்னிடம் வருகிறேன். நீ கோர்ட்டுக்கு வர வேண்டாம், போலீசிடம் போக வேண்டாம். தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றாயாமே, அதுவும் வேண்டாம். ஒரு போன் செய். அப்பா, அது கார்தான், கேபிளை நான் மாற்றவில்லை, உங்கள் கால் தவறவில்லை என்று உன் வாயால் சொல். நீ சொன்னால் நம்புவார். நீ சொன்னதால்தான் தன்னையே நம்பாமல் இருக்கிறார். அவருக்கு உன்மேல் கோபம் வரும் என்று பயப்படாதே. வந்தால் நல்லது. கோபப்படுகிற மனிதனாக அவரைத் திரும்பப் பார்த்தால் நான் முருகனுக்குப் பால்குடம் எடுப்பேன்.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். சின்ன வயதில் உனக்காக நான் வாங்கிய அடிகளை எல்லாம் எண்ணி எழுத நினைத்தேன். அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. அவர் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறார் தம்பி.

இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியாது. தம்பிக்கு எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. என் பங்குக்கும் இரண்டு வரி எழுது என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "உடம்ப பாத்துக்க யுவன். உன் காரைக் கெடுத்துட்டேன். அப்பாவ மன்னிச்சுக்கப்பா."

நீ நூறு வயது நன்றாக இரு. உன் பிள்ளை உன்னை நம்பி வளரட்டும்.

உன் அக்கா,
விக்னேஸ்வரி