ஜிஜாவின் டயரில் நம் தோட்டத்துப் பால்

வெள்ளறடை
சனிக்கிழமை, மாலை

அன்பு மகன் அனூஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் தங்கச்சி ஜிஜாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். காலையிலிருந்து நீ நான்கு தடவை போன் அடித்தாய், யாரும் எடுக்கவில்லை என்று கோபப்பட்டிருப்பாய், நான்தான் எடுக்கக் கூடாது என்று இரண்டு பேருக்கும் சொல்லிவைத்தேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து எனக்கு ரிம், ஸ்போக் என்று பாடம் எடுப்பாய். இந்தக் கதையை நான் முழுசாகச் சொல்ல வேண்டும், நீ வாயை மூடிக் கேட்க வேண்டும். எழுதி முடித்ததும் ஜிஜா படம் எடுத்து அனுப்புவாள். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதே.

நீ விட்டுப்போன ஹார்ட்டெயில் சைக்கிள், முன்னால் மட்டும் குதிக்கிற ஃபோர்க், பின்னால் ஒன்றும் கிடையாது, அதை நம் ரப்பர் ஷீட்டு நிறுக்கிற தராசில் தொங்கவிட்டபோது பதினான்கு கிலோ இருந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அனுப்பிய காற்று ஃபோர்க்கையும் புதுச் சக்கரங்களையும் பூட்டினோம், முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்ததை ஒன்றாக்கினோம், ஹேண்டில்பாரில் நீட்டிக்கொண்டிருந்ததை இரண்டு பக்கமும் அறுத்தோம், கழற்றிய ஒவ்வொரு சாமானையும் தராசில் வைத்துப் பார்த்தோம். டயருக்குள் இருந்த டியூபை எடுத்துவிட்டு, ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் என்று நீ அனுப்பிய அந்த வெள்ளை மருந்தை ஊற்றியதோடு பதினொரு கிலோவுக்கு வந்துவிட்டது. அப்பா பார்த்துவிட்டு, ஊருல எல்லாவனும் தராசுல எடை கூடணுமுண்ணு நிக்கியான், ஒனக்க அம்மைக்கு கொறயணுமாக்கும் என்று ஜிஜாவிடம் கேலி பேசினார். அவர் முழங்கால் வலி பரவாயில்லை, எண்ணெய் தேய்க்கிறேன், காட்டுப்பன்றி இந்த வருடமும் மரச்சீனிக் கிழங்கைத் தோண்டிவிட்டது, அது கிடக்கட்டும்.

ஜிஜாவுக்குப் போன வருட சைக்கிள் தேர்வுப் பந்தயத்தில் நடந்தது உனக்குத் தெரியும். பாதி வழியில் டயர் போய், வண்டியை ஒரு மைல் தள்ளிக்கொண்டு கடைசியாக வந்தாள், ஒரு வாரம் சைக்கிளைத் தொடவே இல்லை. இந்த வருடம் முதல் மூன்று பேரில் வந்தால்தான் மாநிலப் போட்டி, அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், பெரியவர்களோடு மோத வேண்டும். இப்படி இருக்கும்போது போன ஞாயிறு டயரைப் பார்த்தால் இரண்டிலும் மருந்து காய்ந்து பொருக்காகிக் கிடக்கிறது, மிச்சம் வைத்திருந்த பாட்டிலைத் திறந்தால் அதுவும் கட்டி. நெய்யாற்றின்கரையில் கடை கடையாக ஏறினோம், அப்படி ஒரு சாமான் வருவதே இல்லை என்றார்கள், ஆன்லைனில் பத்து நாள் ஆகுமாம். நீயும் போனில், வேறு வழியில்லை, டியூபையே போடுங்கள் என்று சொல்லிவிட்டாய். பாறையில் இடித்தால் டியூப் நசுங்கி வெடிக்கும் என்று உன் தங்கச்சிக்குத் தெரியாதா, போன வருடம் போனது அப்படித்தானே. அவள் டியூபை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குப்பையில் போட அந்தப் பாட்டிலை எடுத்தபோதுதான் மணம் மூக்கில் ஏறியது. அனூஜே, அது நம் பால் பீப்பாயின் மணம். உறையாமல் இருக்க அமோனியா ஊற்றி வைத்த ரப்பர் பால், வேறொன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த மணத்தில் குளிக்கிறேன், எனக்குத் தெரியாதா. நம் மரத்தில் வெட்டுகிற பாலைத்தான் எவனோ பாட்டிலில் அடைத்து உனக்கு விற்றிருக்கிறான். ஜிஜாவிடம் சொன்னால், அம்மா, மணத்திப் பாத்துட்டு சைக்கிளு ஓட்ட பற்றுமா என்று கேட்டாள். உன்னிடம் கேட்டதற்கு நீ, அமோனியா ரிம்மைத் தின்றுவிடும் என்றாய். தின்னட்டும், பந்தயம் முடிந்ததும் கழுவிவிடலாம் என்று நான் இறங்கிவிட்டேன்.

இப்போது நான் செய்த கூத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். புதன்கிழமை காலையில் வெட்டிய பாலை அரித்து வடிகட்டினேன், தண்ணீர் சேர்த்தேன், தண்ணீர் சேர்த்தால் அடுத்தது ஷீட்டு உறைய ஆசிட் என்று கைக்குப் பழக்கம், அமோனியாவை எடுக்க வேண்டிய கை ஆசிட் பாட்டிலை எடுத்துவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை, இரண்டு டயரிலும் ஊற்றிக் காற்றடித்து வைத்தேன். மத்தியானம் ஜிஜா ஏறி ஓட்டினால் சக்கரம் டொம் டொம் என்று குதிக்கிறது. டயரைப் பிரித்தால் உள்ளே தயிர் மாதிரி உறைந்து கிடக்கிறது, கையை விட்டு இழுத்து இழுத்து எடுத்தேன். அப்பா வந்து, ரெண்டு ஷீட்டு கெடச்சுதே, வெயிலுல ஒணக்க போடட்டா என்று கேட்டார். ஜிஜா அழுதே விட்டாள், எனக்க பந்தயத்த வச்சு வெளையாடாதீங்கம்மா, டியூபே போதும் என்றாள். எனக்கும் அப்போது பயம் வந்தது, நான்தான் பிள்ளையின் வாய்ப்பைக் கெடுக்கிறேனோ என்று. ஆனாலும் இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி, ஆசிட் பாட்டிலை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, மறுநாள் புதுப் பாலில் அமோனியா விட்டுக் கலக்கினேன். ஓட்டையை அடைக்கப் பொடி ஏதாவது வேண்டும் என்று நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் தேவதூதர் இறகில் ஒட்டிய தங்க மினுக்குப் பொடி மிச்சமிருந்ததையும் கொட்டினேன். ஊற்றிவிட்டு டயரில் ஆணியால் குத்தினேன். புஸ் என்றது, நின்றது. இன்னொரு தடவை குத்தினேன், நின்றது. ஜிஜா மூன்றாவது தடவை அவளே குத்தினாள்.

இன்று காலை ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே தோட்டத்துப் பாதையில் பந்தயம், பத்தொன்பது பெண்கள், மூன்று சுற்று. முதல் சுற்றில் ஏழாவதாக வந்தாள். இரண்டாவதில் நாங்கள் நின்ற வளைவுக்கு மேலே கல்லில் இடித்தாள், பின் டயரிலிருந்து வெள்ளையும் தங்கமுமாகப் பீச்சி அடித்தது, என் உயிரே போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. நான்கைந்து சுழற்சியில் பீச்சுவது நின்றது, காற்று கொஞ்சம்தான் குறைந்தது. பக்கத்தில் நின்ற நடுவர், இதெந்தா சேச்சி, டயரில் பாலோ என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம், எங்க மரத்துப் பாலாக்கும் என்றேன், தமிழிலேயே. மேட்டில் மற்றவர்கள் இறங்கித் தள்ளினார்கள், நம் பிள்ளை பதினொரு கிலோ வண்டியில் உட்கார்ந்தபடியே ஏறினாள். இரண்டாவதாக வந்தாள் மக்கா. இரண்டாவது. மாநிலப் போட்டிக்குப் போகிறாள்.

அங்கேயே ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். உன் பள்ளிக்கூடத் தாளிலிருந்து பாஸ்போர்ட் தாள் வரை எதில் என் பெயரை எழுதினாலும் பக்கத்தில் வீட்டுவேலை என்றுதான் எழுதியிருக்கிறோம், விடியும் முன்னே எழுந்து பால் வெட்டினாலும் அதுதான், எனக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை. இந்தப் படிவத்தில் வண்டியின் மெக்கானிக் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. ஜிஜா என்னிடம் கேட்கவில்லை, உன் பெயரையும் எழுதவில்லை. சேறு காயாத கையால் ரத்னபாய் என்று எழுதினாள். நான் அத்தனை பேர் முன்னால் நின்று அழுதேன், வெட்கமே வரவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆஸ்பத்திரி டூட்டி முடிந்ததும் குளிக்காமல் படுக்காதே. இனி மருந்து அனுப்ப வேண்டாம், பின் சக்கரத்துக்கு ஒரு ரிம் மட்டும் அனுப்பு, கழுவும்போது பார்த்தேன், நீ சொன்னபடி கொஞ்சம் தின்றுதான் இருக்கிறது.

அன்பு முத்தங்களுடன்
உன் அம்மா
ரத்னபாய், மெக்கானிக்